ஒமேகா நிலை

டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் ஆகிய உலோகங்களிலும் அவற்றின் கலவைகளிலும் தோன்றும் ஓர் அறுகோணப் படிக அமைப்பு. உயர் அழுத்தத்தாலும் இது உண்டாகும்; குறிப்பிட்ட அளவில் வேற்று உலோகம் கலந்து வெப்பப் பதம் செய்தாலும் உண்டாகும்.

கண்டறிதல்: 1954இல் அமெரிக்காவில் ஃப்ராஸ்ட் குழுவினர் டைட்டானியம்–குரோமியம் கலவைகளில் இதை முதலில் கண்டனர். உலோகத்தை நொறுங்கவைக்கும் குறையாகவே அன்று இது கருதப்பட்டது. 1963இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேமிசன், தூய டைட்டானியத்தையும் சிர்கோனியத்தையும் உயர் அழுத்தத்தில் நெருக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். கலவையில் கண்ட அதே அமைப்பு அங்கும் இருந்தது. அழுத்தத்தை நீக்கிய பிறகும் கலையவில்லை.

அமைப்பு: இந்த உலோகங்களின் கனசதுர வடிவமான பீட்டா நிலையில், கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள் உள்ளன. அதன் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக அடுக்கிய அணுத்தளங்களில், மூன்றுக்கு ஒன்று அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் நெருங்கி நடுவில் ஒன்றானால் ஒமேகா நிலை பிறக்கும்.

ட்ராம்பே ஆய்வுகள்: அழுத்தமும் கலப்பும் ஏன் ஒரே அமைப்பில் முடிகின்றன என்ற கேள்வியை மும்பை ட்ராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் எடுத்துக்கொண்டனர். நெருக்கும்போது அணுவின் எஸ் வகை எலக்ட்ரான்கள் டி வகை ஆற்றல் பட்டைக்கு நகர்கின்றன. நையோபியம் போன்ற உலோகத்தைக் கலந்தாலும் டி எலக்ட்ரான்கள் கூடுகின்றன. இரு வழியிலும் டி எலக்ட்ரான்கள் பெருகுவதே ஒரே அமைப்புக்குக் காரணம் என்ற இந்த விளக்கத்தை அம்மையத்தின் யோகேஷ் வோரா 1979இல் முன்வைத்தார். எஸ். கே. சிக்கா, வோரா, சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் (1936–2025) மூவரும் 1982இல் எழுதிய விரிவான திறனாய்வு, ஒமேகா நிலை பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது.

பிந்தைய வளர்ச்சி: சிர்கோனியத்தின் ஒமேகா நிலை 30 கிகாபாஸ்கலுக்கு மேல் பீட்டாவின் கனசதுர அமைப்பாவது 1990இல் தெரியவந்தது. ஒரு கிகாபாஸ்கல் ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தம். டைட்டானியமோ 116 கிகாபாஸ்கலில் காமா என்ற வேறொரு நிலைக்கு மாறுவதை 2001இல் வோராவும் உடன் ஆய்வாளர் ஸ்பென்சரும் கண்டனர். டைட்டானியத்தில் கலந்துள்ள ஆக்சிஜன் போன்ற மாசுகள் ஒமேகா மாற்றத்தைத் தடுப்பதை 2005இல் ஒரு கணக்கீட்டு ஆய்வு விளக்கியது.

அணு உலைகளில்: இந்தியக் கனநீர் அணு உலைகளின் அழுத்தக் குழாய்கள் 2.5% நையோபியம் கலந்த சிர்கோனியத்தால் ஆனவை. கல்பாக்கத்தில் உள்ளவையும் அவ்வாறே. இக்குழாய்களுள் நிலவும் அழுத்தம் சுமார் 100 வளிமண்டலம். சிர்கோனியம் அழுத்தத்தால் ஒமேகா நிலைக்கு மாற அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும்; எனவே அந்த அழுத்தத்தால் குழாய்களில் ஒமேகா நிலை உண்டாகாது.