பாலிதீன் பையில் வந்த பத்திரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனால் வழியில் மொட்டமலை. அங்கே ஓர் இலங்கைத் தமிழர் முகாம். முகாம் வீடுகளில் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போய்வரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் மட்டும் பெட்டியை விட்டு அசையாது.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டு மன்னார்க் கரையில் படகேறியபோது, அது பாலிதீன் பையில் சுற்றி பல தாய்மாரின் மடியில் இருந்தது. படகுக்காரர்கள் சிலர் தனுஷ்கோடிக்கு முன்னாலுள்ள மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். உப்புத் தண்ணீர் புகுந்த பைகளில் மை கரைந்தது. நாலாய் மடித்த இடத்தில் தேதி கிழிந்தது. பிறகு மண்டபம் முகாமில் பதிவு. 

அங்கிருந்து மாவட்ட முகாம்களுக்கு. இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பதிவாளர் ஒரு சான்று தருவார். அதைப் பெற்றோரின் பத்திரத்தோடு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கொடுத்துப் பதிந்தால்தான் பிள்ளை இலங்கைக் குடிமகன். பெற்றோருடையது கடலோடு போயிருந்தால்? சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த அலைச்சலில் பலருக்குக் கைகொடுத்தது. பத்திரம் இருந்தால் பாஸ்போர்ட், அப்புறம் வெளியேறும் அனுமதி. யாழ்ப்பாணம் திரும்புவதும் கனடா போவதும் அதற்குப் பிறகுதான்.

இந்தியப் பதிவாளர் தரும் சான்றில் ஊரைவிடத் தேதிக்குத்தான் பலம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியர் என்கிறது குடியுரிமைச் சட்டம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தார்கள். அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். முப்பத்தாறு வருஷம் கையிலேயே இருந்த உரிமை. எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1990இல் வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, கல்யாணமும் செய்துகொண்டார்கள். பிறந்த இடம் விருதுநகர் மாவட்டம் என்று போட்ட சான்றைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நிற்பது இன்னமும் சென்னைத் துணைத் தூதரகத்தில்தான்.