பீஜா என்னும் நம் வேங்கை

நம் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நான் கல்லூரியில் படித்தவன் அல்லன், மரக்கடை நடத்தியவன். ஆகவே இம்முறை எனக்குத் தெரிந்த ஒரு மரத்தின் கதையையே எழுதுகிறேன். இங்கே நாக்பூரில் அதைப் பீஜா என்பார்கள். இந்தியில் பீஜாசால், விஜயசார் என்றும் பெயர். மராத்தியில் பிப்லா, கன்னடத்தில் ஹொன்னே. நம் மொழியில் அது வேங்கை. இந்த ஒரு விஷயம் தெரிய எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

1981-ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கு வந்து, ஒரு கட்ச் பட்டேல் சேட்டின் மரக்கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்கள் என்று சமண அறநூல்கள் சொல்லும் பட்டியலில் வனகர்மமும் ஒன்று. அதாவது, காட்டை வெட்டிப் பிழைப்பது. “நயினார் வீட்டுப் பிள்ளை மரம் வெட்டியா பிழைக்கணும்?” என்றார். “நான் வெட்டலைப்பா, கணக்குத்தானே எழுதறேன்” என்றேன். அவர் பதில் பேசவில்லை.

பல்லார்ஷா அரசு டிப்போ ஏலத்தில் எல்லோருக்கும் தேக்கின் மேல்தான் கண். பீஜா அடுத்த வரிசை. ஆனால் தச்சர்களுக்கு அதன் அருமை தெரியும். வைரம் பொன் கலந்த பழுப்பு நிறம். நடுவே கருமையான ரேகைகள் ஓடும். காய்ந்த மரம் ஒரு கன மீட்டர் சுமார் 800 கிலோ எடை வரும். கரையான் எளிதில் அண்டாது. கதவு, நிலை, உத்தரம், வண்டிச் சாமான், ஏர் எல்லாம் செய்யலாம். தபலாவின் வலது பக்கத்துக்கும் டோலக்குக்கும் இதைக் கடைந்து கூடு செய்வார்கள். ஒரு குறை, ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். மழைக்காலத்தில் என் வேட்டியில் அந்தக் கறை போனதே இல்லை.

1986-ல் சேட்டோடு பாலாகாட் மாவட்டக் காட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பீஜாவின் பட்டையில் கோடரி விழுந்ததும் ரத்தம் போலச் சிவப்பாக வடிந்தது. சற்று நேரத்தில் உறைந்து கறுத்தது. எனக்குச் சட்டென்று அம்மாவின் கொட்டாங்கச்சி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்குக் கன்னத்தில் வைக்கும் கரும்பொட்டு, கொட்டாங்கச்சியில் உறைந்த வேங்கைப் பால்தான். ஐந்து வருஷமாக நான் கணக்கெழுதிய பீஜா, எங்கள் வீட்டு வேங்கை!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா மாலை வேளைகளில் சிலப்பதிகாரம் வாசிப்பார். கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி வருவதால் எங்கள் வீட்டில் அந்த நூலுக்குத் தனி மதிப்பு. மதுரை எரிந்தபின் மலைநாடு சென்ற கண்ணகி நின்றது வேங்கை மர நிழலில்தானே! குறவர் மக்கள் அவளைக் கண்டதும் அங்கேதான்.

சங்கப் பாடல்களில் வேங்கை குறிஞ்சி நிலத்து மரம். தினை முற்றும் காலத்தில் அது பூக்கும். மஞ்சள் பூக்கள் கரும்பாறையில் உதிர்ந்து கிடந்தால் புலி படுத்திருப்பது போலத் தோன்றுமாம். மரத்துக்கும் புலிக்கும் ஒரே பெயர். பூப்பறிக்கும் பெண்கள் “புலி, புலி” என்று கூவுவதும், பூத்த வேங்கையைப் புலியென்று நினைத்து யானை முட்டுவதும் அப்பாடல்களில் உண்டு.

அந்தச் சிவப்புப் பாலுக்கும் வரலாறு உண்டு. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் ‘கினோ’ என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் காம்பியாப் பகுதியிலிருந்து, இதே இனத்து வேறொரு மரத்தின் பிசின் போயிற்று. பிறகு அந்த இடத்தை நம் வேங்கைப் பிசின் பிடித்தது. ‘மலபார் கினோ’ என்று பெயர் பெற்றது. துவர்ப்பு மிகுந்ததால் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தார்கள். தாவரவியலில் இம்மரத்துக்குப் பெயரிட்டவர் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ராக்ஸ்பர்க். செஞ்சந்தனமும் அந்தமான் படாக்கும் இதன் உறவுக்காரர்கள்.

இன்று வடநாட்டில் நம் குடும்பங்கள் பலரும் ‘விஜயசார் கிளாஸ்’ வாங்குகிறார்கள். இரவு நீர் ஊற்றி வைத்து, காலையில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள். அது வேங்கை வைரத்தில் கடைந்த டம்ளர். 1998-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆனால் அதில் மருந்தை அளந்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தார்கள். டம்ளரில் எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்தது? மாத்திரையை நிறுத்திவிட்டு டம்ளரை நம்பாதீர்கள் என்று ஒரு வியாபாரியாகவே சொல்கிறேன்.

வைரத்துக்கும் மருந்துக்குமாக வெட்டி வெட்டி இம்மரம் பல காடுகளில் அருகிவிட்டது. பின்னாளில் நானே கடை வைத்தேன். வெட்டியவர்களில் என் பங்கும் உண்டு. அப்பா மறைந்தபின் 2014-ல் கடையை மூடினேன். மறு வருஷம் வீட்டருகே இரண்டு வேங்கைக் கன்றுகள் நட்டேன்; ஒன்றுதான் பிழைத்தது. நிழலுக்கும் அழகுக்கும் இதைவிட என்ன வேண்டும்? பூத்தால் மரமே மஞ்சளாகும். வட்டமாய், சிறகு வைத்த காய்கள் காற்றில் பறக்கும். நான் விற்ற மரங்களின் கணக்கில் ஒரு மரம் எம்மட்டு? ஆனாலும் வரவுப் பக்கத்தில் அதையாவது எழுதலாம்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பீஜா என்றே சொல்லட்டும், தப்பில்லை. கூடவே வேங்கை என்றும் ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். இடம் இருப்பவர்கள் ஒரு கன்றும் நடுங்கள்.