என்.எஸ். கிருஷ்ணன் – டி.ஏ. மதுரம்: எதிர்ப்பேச்சால் வாழ்ந்த திரை இணை

என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இருவரும் தமிழ்த் திரையின் முதல் பெரும் நகைச்சுவை இணை. 1936 முதல் 1950கள் வரை, சிறைவாசத்தால் ஏற்பட்ட இடைவெளி நீங்கலாக, ஒன்றாகவே நடித்தார்கள். வாழ்க்கையிலும் கணவன் மனைவி. கிருஷ்ணன் 1957 ஆகஸ்ட் 30இல் மறைந்தார். மதுரம் 1974இல் மறைந்தார். அவர்கள் காலத்துக் கதாநாயகன், கதாநாயகியரின் காதல் காட்சிகளை இன்று பொறுமையாகப் பார்ப்பவர் குறைவு. ஆனால் இவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சி தொலைக்காட்சியில் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் இன்றும் நின்று பார்க்கிறார்கள். ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடையின் ஒரு பகுதி இன்றைய திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

திருப்பூரில் தொடங்கிய படக் கம்பெனி

கிருஷ்ணன் 1908 நவம்பர் 29இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டு ஒலிக்கும் மண் அது. இளம் வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு நடத்தி வந்த ‘மேனகா’ என்ற நாடகம், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவியது. அதைப் பேசும் படமாக எடுக்க முன்வந்தது திருப்பூர் சண்முகானந்தா டாக்கி கம்பெனி.

திருப்பூர் என்றால் இன்று பனியன்தான் நினைவுக்கு வரும். 1930களில் அது பருத்திச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர்; பின்னலாடைத் தொழில் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் இங்கே அடிபட்டு உயிர்விட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்கம்பெனியில் ஈடுபட்ட எம். சோமசுந்தரமும் எஸ்.கே. மொய்தீனும் பிற்பாடு ஜூபிடர் பிக்சர்ஸ் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தை நடத்தினார்கள்.

‘மேனகா’ பம்பாயில் படமாகி 1935இல் வெளிவந்தது. இயக்கியவர் ராஜா சாண்டோ. கிருஷ்ணன் திரையில் முதலில் தோன்றிய படங்களில் ஒன்று இது. மறு ஆண்டு வெளிவந்த ‘வசந்தசேனா’ படத்திலும் ராஜா சாண்டோ அவரை நடிக்க வைத்தார். வடமொழி நாடகமான ‘மிருச்சகடிக’த்தைத் தழுவிய அந்தப் படத்துக்காகப் புனே சென்றபோதுதான் கிருஷ்ணனும் மதுரமும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார்கள். மதுரம் திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்தவர். பாடவும் ஆடவும் தெரிந்தவர். அந்தப் பழக்கம் திருமணத்தில் முடிந்தது.

ஓர் உண்மையையும் இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ணனுக்கு முன்பே நாகம்மாளுடன் திருமணமாகியிருந்தது. பிற்காலத்தில் மதுரத்தின் தங்கை வேம்புவையும் அவர் மணந்தார். திரையில் நாம் காணும் ‘ஒருவருக்கு ஒருவர்’ என்ற இணையும் வீட்டு வாழ்க்கையும் ஒன்றல்ல. இதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

அணைப்புக்குப் பதில் வாக்குவாதம்

அதே ஆண்டுகளில் கடல் கடந்தும் இதை ஒத்த ஒன்று நடந்தது. அமெரிக்கப் படங்களுக்கான ஒழுக்க விதிகள் 1934இல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. படுக்கையறைக் காட்சிகளுக்கும் நீண்ட முத்தங்களுக்கும் கட்டுப்பாடு விழுந்தது. அந்தக் காலத்தில் ஹாலிவுட் இயக்குநர்கள் காதலைப் பேச்சில் காட்டினார்கள். 1934இல் வந்த ‘தின் மேன்’ படத்தில் வில்லியம் பவலும் மிர்னா லாயும் துப்பறியும் கணவனாகவும், அவனுக்குச் சளைக்காமல் பதில் சொல்லும் மனைவியாகவும் நடித்தார்கள். அந்த இணை 14 படங்களில் தொடர்ந்தது. ஸ்பென்சர் டிரேசியும் கேத்தரின் ஹெப்பர்னும் 1942 முதல் 1967 வரை ஒன்பது படங்களில் வாதாடிக்கொண்டே காதலித்தார்கள். பார்ப்பவர்களுக்கு ஒன்று புரிந்தது: இவ்வளவு கவனமாக ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டுப் பதில் சொல்கிறார்கள் என்றால், இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு மதிப்பு இருக்கிறது.

தமிழில் இந்த முறையை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில், பிரிந்திருந்த சிங்கன் சிங்கியைக் கண்டுபிடித்ததும் என்ன செய்கிறான்? அவள் அணிந்திருக்கும் ஒவ்வொரு நகையையும் காட்டி, இது எப்படி வந்தது என்று குடைகிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அவன் வாயை அடைக்கிறாள். லாவணியில் எதிர்க்கட்சி உண்டு. வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகரை இடைமறித்துக் கேட்க ஓர் ஆள் உண்டு. கேள்வியும் எதிர்க்கேள்வியுமாகப் பேசும் இந்தப் பழக்கத்தை நாகர்கோவில் மண்ணிலிருந்து திரைக்குக் கொண்டுவந்தவர் கிருஷ்ணன்; எதிர்க்கேள்வி கேட்கும் இடத்தில் மதுரத்தை நிறுத்தினார்.

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய ‘அம்பிகாபதி’ (1937) ஒரு நல்ல சான்று. அதில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நெருக்கமான காதல் காட்சிகளில் நடித்தார்கள். அது பெரிதாகப் பேசப்பட்டது. அதே படத்தில் கிருஷ்ணனும் மதுரமும் தரையில் நிற்கும் மனிதர்களாக வந்து போனார்கள். காவியக் காதலர்களைப் பார்த்து மக்கள் பெருமூச்சு விட்டார்கள். இவர்களைப் பார்த்துத் தங்கள் வீட்டை நினைத்துக்கொண்டார்கள்.

கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) போன்ற பாகவதர் படங்களிலும் இந்த இணை உண்டு. ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கிருஷ்ணன் தமக்கென ஒரு குழு வைத்துக்கொண்டு, நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதிப் படமாக்கி, முதன்மைப் படத்தோடு சேர்க்கக் கொடுத்ததும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சந்திரஹரி’யை அவர் 1941இல் குறும்படமாக்கினார். உண்மையே பேசும் அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, பொய்யே பேசும் ஒருவனைக் காட்டும் கதை அது.

உடுமலையிலிருந்து வந்த சொல்

இந்த இணைக்குச் சொல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் உடுமலை நாராயணகவி (1899–1981). உடுமலைப்பேட்டை அருகே பூளவாடியில் பிறந்தவர். அப்பகுதி 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. கிருஷ்ணன் அவரை ஆசிரியராகவே மதித்தார்.

நாராயணகவி எழுதியதில் தலைசிறந்தது ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை நினைவூட்டும் வடிவம். ஆனால் இங்கே கிந்தன் என்ற ஒடுக்கப்பட்ட சிறுவன் தேடிப் போவது கோயிலை அல்ல, பள்ளிக்கூடத்தை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். சிரிக்க வைத்துக்கொண்டே சாதியையும் படிப்பையும் பற்றிப் பேசிய இதைக் ‘கிந்தனார்’ போல் எளிதாக வேறெதுவும் மக்களிடம் கொண்டுசேர்க்கவில்லை என்பது என் எண்ணம்.

கணவன் மனைவிப் பாட்டுகளிலும் இதே போக்குத்தான். ஒரு பாட்டில் கணவன், அறிவியலை வளர்த்து வீட்டு வேலைக்கெல்லாம் இயந்திரம் கொண்டுவருவேன் என்று அடுக்குகிறான். மனைவி வாய் பிளந்து கேட்கவில்லை. அது எதற்கு, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே போகிறாள். அவள் கேட்பதால்தான் பாட்டு நகர்கிறது. கேள்வியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பட்டியல் மட்டுமே. மதுரத்தின் கலையை விளங்கிக்கொள்ள மாணவர்களுக்கு இதுவே நல்ல வழி: அவர் பேசும் வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள், நகைச்சுவை எங்கே போகிறது என்று தெரியும்.

சிறைக்காலமும் மதுரமும்

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்திக்குத்துக்கு ஆளாகி இறந்தார். அவ்வழக்கில் பாகவதர், கிருஷ்ணன், கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

இந்த இரண்டரை ஆண்டுகளில் இணையில் ஒருவர்தான் வெளியே இருந்தார். வழக்குச் செலவு ஒருபுறம், கணவரை நம்பியிருந்த கலைஞர்கள் மறுபுறம். மதுரம் ஒதுங்கிவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் போன்றோரின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபா நடந்தது. அவர்கள் மேடையேற்றிய ‘பைத்தியக்காரன்’ 1947இல் படமானது; கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினார்கள், மதுரம் நடித்தார். விடுதலையான பின் கிருஷ்ணனும் அந்தப் படத்தில் இடம்பெற்றார்.

திரையில் ஒருவருக்கு ஒருவர் ஈடுகொடுத்துப் பேசியது வெறும் நடிப்புத் திறமையல்ல என்பதை மக்கள் இப்போது கண்ணால் பார்த்தார்கள். பாகவதரின் திரை வாழ்வு சிறைக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. திரும்பி வரும்போது அவருக்குக் குழுவும் மேடையும் இருந்ததே அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவற்றைக் காத்தவர் மதுரம்.

1949இல் அண்ணாவின் கதை வசனத்தில் ‘நல்லதம்பி’ வந்தது. ஃபிராங்க் காப்ரா இயக்கிய ஹாலிவுட் படமான ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ (1936) அதற்கு மூலம். திடீரென்று பெரும் சொத்துக்கு உரிமையாளனான எளிய மனிதனின் கதை, இங்கே மதுவிலக்கும் சமூகச் சீர்திருத்தமும் பேசும் கதையாயிற்று. ‘கிந்தனார்’ இடம்பெற்றதும் இதில்தான். பின்னர் ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களைக் கிருஷ்ணனே இயக்கினார்.

யாரை நினைக்கிறோம்?

சென்னையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. தியாகராய நகரில் அவர் சிலை இருக்கிறது. 1969 ஜனவரி 14இல் அதைத் திறந்து வைத்ததே அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. இவையெல்லாம் கிருஷ்ணனுக்குத் தகுந்த சிறப்புகள். ஆனால் மதுரத்தின் பெயர் பெரும்பாலும் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு எழுதப்படுவதோடு நின்றுவிடுகிறது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. நான் பணியில் இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கு இந்த இணையின் ஒரு காட்சியைப் பிள்ளைகளுக்குப் பழக்கினேன். மனைவி வேடம் போட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். அப்பா அதே கம்பெனியில் டெய்லர். அந்தப் பிள்ளைக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. “எங்க வீட்ல தெனமும் இப்படித்தானுங்க டீச்சர்” என்று சிரித்தாள். நிகழ்ச்சி நிரலில் ‘என்.எஸ்.கே. நகைச்சுவை’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்து அவள் கேட்டாள்: “டீச்சர், நான் பண்ற அந்த அம்மா பேரு என்னங்க?” நானும் ஒரு பெண். அந்தப் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போதே பேனாவை எடுத்து எழுதிச் சேர்த்தேன்.

அந்தப் பிள்ளை சொன்னதில்தான் இந்த இணை நிலைத்திருப்பதற்கான காரணம் இருக்கிறது. திருப்பூரில் கணவனும் மனைவியும் ஒரே ஷிப்டுக்குப் போய், ஒரே வண்டியில் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். சம்பளம் வாங்கும் சனிக்கிழமை இரவு அந்த வீடுகளில் கணக்கும் நடக்கும், வாக்குவாதமும் நடக்கும், சிரிப்பும் நடக்கும். அங்கே மனைவி கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவள் அல்ல. உழைத்துக் கொண்டுவந்த காசுக்குக் கணக்குக் கேட்பவள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் வந்த படங்களில் அப்படி ஒரு மனைவியைப் பார்க்கும்போது அவர்களுக்கு அது பழைய படமாகத் தெரிவதில்லை.

இவர்களுக்குப் பின் தங்கவேலு – எம். சரோஜா, நாகேஷ் – மனோரமா என்று நகைச்சுவை இணைகள் தொடர்ந்தன. ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் தங்கவேலு அளக்கும் பொய்களை நம்பியும் நம்பாமலும் சரோஜா கேட்கும் கேள்விகள், மதுரம் போட்ட பாதையில் நடந்தவை. பிற்காலப் படங்கள் பலவற்றில் அந்தக் கேள்வி கேட்கும் பெண் மெல்ல மறைந்து, அடி வாங்கும் பெண்ணோ அடிக்கும் பெண்ணோ வந்து சேர்ந்தாள். பழைய காட்சிகளைப் பார்க்கும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பார்த்துவிட்டு யாரிடமாவது சொல்லும்போது, இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.