ராஃப்ட்: மாசசூசெட்ஸ் மாநில வாடகை உதவித் திட்டம்

ராஃப்ட் என்பது வாடகை பாக்கியால் வீட்டைக் காலி செய்யும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு தரும் அவசர நிதியுதவி. 2005இல் தொடங்கியது. முதலில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் கிடைத்தது. பின்னர் தனியாக வாழ்வோருக்கும் வழங்கப்பட்டது. வாடகைப் பணம் பொதுவாக நேரே வீட்டு உரிமையாளருக்குச் செலுத்தப்படும். கடன் தீர்கிறது, குடியிருப்பும் நிலைக்கிறது.

பின்னணி

இம்மாநிலத்தில் வாடகை கட்டத் தவறியவருக்கு உரிமையாளர் 14 நாள் நோட்டீஸ் தரலாம். கெடு கடந்தால் வழக்குத் தொடரலாம். இத்தகைய வழக்குகளையும் விசாரிக்கும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் போஸ்டனில் உருவான வீட்டுவசதி நீதிமன்றத்தின் அதிகாரம் 2017இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. நீதிபதியிடம் போகுமுன் நீதிமன்றத்தின் வீட்டுவசதி வல்லுநர் இரு தரப்பையும் உட்காரவைத்து, பாக்கியைத் தவணையாகக் கட்டும் உடன்பாட்டுக்கு முயல்வார்.

உரிமையாளர் எல்லோரும் பெரும் பணக்காரர்கள் அல்லர். போஸ்டன், வூஸ்டர் நகரங்களின் மூன்றடுக்கு மரவீடுகளில் ஒரு தளத்தில் உரிமையாளர் குடியிருந்து, மற்ற இரண்டையும் வாடகைக்கு விடுவது வழக்கம். அந்த வாடகையை நம்பி வீட்டுக்கடன் தவணை கட்டுபவருக்கு இரண்டு மாத பாக்கியே பெரும் நெருக்கடி.

பெருந்தொற்றுக் காலம்

2020 ஏப்ரலில் மாநில அரசு பெரும்பாலான வெளியேற்றங்களுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை. மாதந்தோறும் பாக்கி ஏறியது. அக்டோபர் 17 அன்று தடை முடிந்தபோது, ஆளுநர் சார்லி பேக்கரின் அரசு 17.1 கோடி டாலர் திட்டத்தை முன்வைத்தது. ராஃப்ட் உச்சவரம்பு 4,000 டாலரிலிருந்து 10,000 ஆனது. இலவசச் சட்ட உதவியும் சமரசப் பேச்சும் சேர்ந்தன. உதவி மனு நிலுவையில் இருக்கும்வரை வெளியேற்ற வழக்கை ஒத்திவைக்கும் ஏற்பாடும் சட்டமானது. 2023 மார்ச்சில் காலாவதியான அது, அதே ஆண்டு ஆகஸ்டில் நிரந்தரமாக மீண்டது.

பின்னைய மாற்றங்கள்

2023 ஜூலையில் உச்சவரம்பு 12 மாதங்களுக்கு 7,000 டாலர் ஆனது. நோட்டீஸ் வந்த பிறகே விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனை கண்டனத்துக்குள்ளானது. அது நியாயமான கண்டனமே: பாக்கி சிறிதாக இருக்கும்போது தரும் உதவிக்குச் செலவும் குறைவு, இரு தரப்பின் உறவும் கெடாது. வழக்கு ஒருமுறை பதிவாகிவிட்டால், தள்ளுபடியானாலும் அடுத்த வீடு தேடும்போது அது குறுக்கே நின்றது. தகுதியுள்ளோர் அத்தகைய பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கக் கோரும் உரிமையை 2024ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அளித்தது. 2025 மே முதல் அது நடைமுறையில் உள்ளது.