குவைத்திலிருந்து அம்மானுக்கு ஒரு கார்ப் பயணம்

ஆயுத பூஜைக்கு அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய பத்து தினார் நோட்டு கையில் அகப்பட்டது. குவைத் நோட்டு. நான் வங்கியில் சேர்ந்த புதிதில் சித்தப்பா கொடுத்தது. "நீதான் பாங்க்காரன் ஆயிட்டியே, இதுக்கு இப்ப என்ன கிடைக்கும்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். ஒன்றும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"இது ஏதுப்பா?" என்று பெண் கேட்டாள். ஓசூர் ரோட்டில் அரை மணி நேரம் கார் நின்றாலே முனகுகிறவள். ஒரு குடும்பம் காரில் பாலைவனத்தைக் கடந்த கதை என்றேன். "டூரா?" என்றாள். இல்லை என்று சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. விடிவதற்குள் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்துவிட்டது. அப்போது அங்கே இருந்த இந்தியர்கள் ஏறக்குறைய 1,70,000 பேர். மலையாளிகள் அதிகம், தமிழர்களும் கணிசம். சித்தப்பா சால்மியாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. போன் கிடையாது, தபால் கிடையாது. இரவு ரேடியோ செய்தி மட்டும்தான்.

விமான நிலையம் மூடியாயிற்று. ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஐ.நா. பொருளாதாரத் தடையும் வந்துவிட்டது. பலருடைய பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில். முதலாளி ஊரிலேயே இல்லை. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைப் பார்த்தார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படத்தை வைத்து அவரைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் வெளியேற அனுமதி வேண்டும் என்றால் அந்த ஆளிடம்தானே கேட்டாக வேண்டும்? குவைத்துக்குள்ளேயே இந்தியர்கள் குழு அமைத்துக்கொண்டார்கள். 'டொயோட்டா சன்னி' என்று எல்லோரும் அழைத்த மாத்துண்ணி மேத்யூஸ், ஹர்பஜன் சிங் வேதி போன்றவர்கள் முன்னால் நின்று சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஏற்பாடு செய்தார்கள். 2016-ல் வந்த 'ஏர்லிஃப்ட்' இந்திப் படத்தில் ஒரே ஒரு கதாநாயகன். நிஜத்தில் பலர்.

வழி எது? குவைத்திலிருந்து வடக்கே பஸ்ரா, அங்கிருந்து பாக்தாத், பிறகு மேற்கே திரும்பி ரமாதி, ருத்பா, ஜோர்டான் எல்லை, கடைசியில் அம்மான். 1,500 கிலோமீட்டருக்கு மேல். பாக்தாத் தாண்டி ரமாதியை விட்டால் பெரும்பாலும் பொட்டல்தான்.

இந்தப் பாதைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1923-ல் நெய்ர்ன் என்ற நியூசிலாந்துச் சகோதரர்கள் இருவர் டமாஸ்கஸிலிருந்து பாக்தாதுக்கு இந்தப் பாலைவனத்தின் வழியே கார் ஓட்டிக் காட்டி, அதே வருடம் தபாலும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் சர்வீஸ் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு பாக்தாதிலிருந்து லண்டனுக்குத் தபால் போக வேண்டுமானால் கப்பலில் பம்பாய் சுற்றிப் போகும். ருத்பா ஊரானதே அங்கே கிணறு இருந்ததால்தான். வண்டிகள் அங்கே நின்று தண்ணீர் பிடிக்கும். அகதா கிறிஸ்டி 1928-ல் நெய்ர்ன் பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறார். அவருக்கு அது சாகசப் பயணம்.

சித்தி அப்படிச் சொல்லமாட்டார். செப்டம்பரில் கிளம்பியிருக்கிறார்கள். ஒரு பழைய ஜப்பான் காரில் சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள், பக்கத்து பிளாட் மலையாளி நர்ஸ். டிக்கியில் துணி கொஞ்சம், மீதி இடம் முழுக்கத் தண்ணீர் கேன். குபூஸ் ரொட்டி ஒரு மூட்டை. பகலில் ஏ.சி. போட்டால் பெட்ரோல் தீரும், ஜன்னலைத் திறந்தால் மணல் அடிக்கும். "வழி பூரா எனக்கு ஒரே நினைப்பு, கேஸை மூடினேனா இல்லையான்னு" என்பார் சித்தி. திரும்பிப் போக முடியாது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜோர்டான் எல்லையில் காரை விட்டுவிட்டு நடந்தார்கள். சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சித்தப்பா சொல்வார். அங்கே ருவைஷித் பக்கம் கூடார முகாம்கள். இந்தியர், வங்கதேசத்தார், பிலிப்பைன்ஸ்காரர், எகிப்தியர், வீட்டு வேலைக்கு வந்த இலங்கைப் பெண்கள் என்று பல்லாயிரம் பேர். தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. எட்டு நாள் அங்கே இருந்துவிட்டு அம்மான் போய் விமானம் ஏறினார்கள்.

ஏர் இந்தியா அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை 59 நாளில் 488 விமானங்கள் ஓட்டியது. வந்து இறங்கியவர்கள் 1,11,000-க்கும் மேல். பயணிகள் விமான நிறுவனம் ஒன்று இத்தனை பேரை மீட்டது கின்னஸ் சாதனை. சித்தப்பா குடும்பம் அதில் நான்கு தலை.

இனி நோட்டுக்கு வருகிறேன், அதுதானே என் தொழில். படையெடுப்புக்கு முன் ஒரு குவைத் தினார் சுமார் 60 ரூபாய். ஈராக் வந்ததும் 'குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒன்று' என்று உத்தரவு போட்டது. வெளிச்சந்தையில் ஈராக் தினாருக்கு அதில் ஒரு சிறு பங்குதான் மதிப்பு. பதினோரு வருடச் சேமிப்பு ஓர் உத்தரவில் கரைந்தது. விடுதலைக்குப் பின் 1991 மார்ச்சில் குவைத் புது நோட்டு வெளியிட்டுப் பழையதைத் திரும்பப் பெற்றது. சித்தப்பா கொண்டுவந்ததில் கொஞ்சம் மாறியது, இந்த ஒன்று பெட்டியின் அடியில் தங்கிவிட்டது. ஐ.நா. இழப்பீட்டு ஆணையம், வெளியேறியவர்களுக்கு என்று ஒரு தொகை நிர்ணயித்தது. தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு தனிநபர் இழப்பு எதுவும் கோராதவர்களுக்கு 4,000, 8,000. ஈராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தவணையாக வந்தது. அந்த ஆணையம் மொத்தம் 52.4 பில்லியன் டாலர் கொடுத்து, கடைசித் தவணையை 2022 ஜனவரியில்தான் முடித்தது.

இந்தப் பக்கம் நம் நாட்டுக் கணக்கு. வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, எண்ணெய் விலை ஏறியது. அந்நியச் செலாவணி கரைந்து, 1991 மே மாதம் 20 டன் தங்கம் விற்கப்பட்டது, ஜூலையில் ஏறக்குறைய 47 டன் அடகுக்குப் போனது. ஜூலை 24-ல் மன்மோகன் சிங்கின் பட்ஜெட். பற்றாக்குறையும் கடனும் முன்பே முற்றியிருந்தன. வளைகுடா கடைசி அடி. அதை மட்டும் காரணமாக எழுதினால் கணக்கில் பிழை. ஆனால் 'தனியார் பணவரவு குறைவு' என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்குள் சித்தியின் தண்ணீர் கேனும் எல்லையில் விட்ட காரும் இருக்கின்றன. பி.காம். படித்தபோது அந்த வரியை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். என் வீட்டுக் கதை அது என்று தோன்றவே இல்லை.

என் கிளை இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியை 1978-ல் கியோனிக்ஸ் தொடங்கியது. அப்போது கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் பக்கம் 332 ஏக்கர் நிலம். 1991-க்குப் பிறகு கதவு திறந்ததும்தான் இன்று பார்க்கும் கூட்டம் வந்தது. எதிர் வளாகத்தில் காலையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்களைப் பார்க்கும்போது, இந்த ரோட்டின் ஒரு முனை ருத்பாவில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சித்தப்பா 1992-ல் மறுபடி குவைத்துக்கே போனார். வேறென்ன செய்வார்? இன்று அங்கே இந்தியர்கள் பத்து லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். இப்போது அவர் இல்லை. சித்தி கும்பகோணத்தில் இருக்கிறார். கோயிலுக்குக் கிளம்பினாலும் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் கேஸை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவார்.

நோட்டைப் பெண் கேட்டாள். கொடுத்துவிட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.