துண்டறிக்கையில் இல்லாத கோரிக்கை: மாணவர் சங்கங்களும் அயல்நாட்டு மாணவரும்

சென்ற பருவத்தில் எங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கம், கட்டண உயர்வை எதிர்த்துப் பொதுக்குழுக் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. பதினொரு கோரிக்கைகள் அடங்கிய துண்டறிக்கை கைக்குக் கை மாறியது. என்னருகே அமர்ந்திருந்த எத்தியோப்பிய நண்பர் அதை இருமுறை படித்துவிட்டு, "எங்கள் கட்டணமும் உயர்ந்திருக்கிறதே, அது எத்தனையாவது கோரிக்கையில் வருகிறது?" என்று கேட்டார். எதிலும் வரவில்லை. அவருக்குக் கட்டணம் டாலரில் கணக்கிடப்படுகிறது, எங்களுக்கு ரூபாயில். அதை வேண்டுமென்றே விட்டவர் எவருமில்லை. எழுதிய குழுவில் டாலரில் கட்டணம் செலுத்துபவர் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். அந்தத் துண்டறிக்கையின் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்ததே நான்தான் என்பதால், இதை யார்மீதும் குற்றமாகச் சுமத்த எனக்குத் தகுதியில்லை.

ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்து அதே கேள்வியைக் கேட்டவர்கள் நம்மவர்கள்.

எடின்பரோவில் இந்திய மாணவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தது 1883இல். கேம்பிரிட்ஜில் 1891இலும் ஆக்ஸ்போர்டில் 1896இலும் 'மஜ்லிஸ்' தோன்றியது. அரபு மொழியில் 'அமர்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. அமரும் இடம், அதன் நீட்சியாக அவை. பிறர் அவையில் உரிய இடம் கிட்டாதவர்கள் தங்கள் அவைக்கு இட்டுக்கொண்ட பெயர் 'அமரும் இடம்' என்றே பொருள்படுவது தற்செயலாக இருக்கலாம். மொழியியல் படித்தவர்களுக்கு இத்தகைய தற்செயல்களைக் கடந்து போவது கடினம்.

1907இல் கேம்பிரிட்ஜ் சென்ற ஜவாஹர்லால் நேரு தம் தன்வரலாற்றில் மஜ்லிஸைப் பற்றி அவ்வளவு மரியாதையாக எழுதவில்லை. அங்கே அரசியல் பேசப்பட்டது. ஆனால் பொருளைவிட, நாடாளுமன்றத்தின் பாணியையும் பல்கலைக்கழக யூனியனின் நடையுடை பாவனையையும் நகலெடுப்பதிலேயே கவனம் சென்றது என்பது அவர் கணிப்பு. அவர் அங்கு அடிக்கடி சென்றும் மூன்றாண்டுகளில் பேசியது மிக அரிது. தம் கல்லூரியின் விவாதக் கழகத்தில் ஒரு பருவம் முழுதும் பேசாதிருந்தால் அபராதம் கட்ட வேண்டும் என்ற விதி இருந்ததாகவும், தாம் அதைப் பலமுறை கட்டியதாகவும் எழுதுகிறார். பின்னாளில் ஒரு நாட்டின் சார்பில் பேசப்போகிறவர், மாணவராக இருந்தபோது மௌனத்துக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்தார்!

தனி அவை ஒரு வழியென்றால், பொது அவைக்குள் நுழைந்து வெல்வது மற்றொரு வழி. இலங்கையிலிருந்து சென்ற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆக்ஸ்போர்டு யூனியனில் செயலாளரானார், பொருளாளரானார். தலைவர் தேர்தலில் தோற்றார். டி.எஃப். கராகா 1934இல் அதன் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். நான்காண்டுகள் கழித்து, 1938இல், கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவரானார் மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகன். தமிழர்கள் இதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் அவர் லண்டனில் பிறந்தவர், ஈட்டன் பள்ளியில் படித்தவர். கப்பலில் இரண்டாம் வகுப்பில் வந்திறங்கி, வாடகை அறைக்காகத் தெருத்தெருவாக அலைந்த மாணவரின் பிரதிநிதி என அவரைச் சொல்வது கடினம். மேலும், ஆக்ஸ்போர்டு யூனியனும் கேம்பிரிட்ஜ் யூனியனும் விவாதக் கழகங்கள். கட்டணம், விடுதி, சேர்க்கை குறித்து நிர்வாகத்தோடு பேரம் பேசும் மாணவர் சங்கங்கள் அல்ல. 'யூனியன்' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், நாம் ஒன்றில் பெற்ற வெற்றியை மற்றதன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பேரம் பேச வேண்டிய இடத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1907இல் இந்திய மாணவர்களின் நிலையை ஆராய லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை உடனே வெளியிடப்படவில்லை. 1922இல், லிட்டன் குழுவின் அறிக்கைக்குப் பின்னிணைப்பாகவே பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. தம்மைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையை அம்மாணவர்கள் தம் படிப்புக்காலத்தில் படிக்கவே இயலவில்லை. 1909இல் அரசு ஒரு கல்வி ஆலோசகரை அமர்த்தியது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், லீ-வார்னர் குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரான கர்சன் வைலியை மதன்லால் திங்ரா என்ற இந்திய மாணவர் சுட்டுக்கொன்றார். அதன்பின் உதவியும் உளவும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. வழிகாட்ட வந்தவரையே வேவு பார்க்க வந்தவராக மாணவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை.

பல்கலைக்கழகங்களின் அதிகாரிப் பயிற்சிப் படைகளில் இந்திய மாணவர்கள் சேர்க்கப்படாதது நெடுங்காலக் குறை. உடன்படிக்கும் ஆங்கிலேயர் சீருடை அணிந்து செல்ல, இவர்கள் வேடிக்கை பார்த்தனர். லிட்டன் குழுவின் முன்னும் இது வந்தது. 1927இல் எடின்பரோவின் சில உணவகங்களும் நடனக்கூடங்களும் நிறத்தைக் காட்டிக் கதவடைத்தபோது, எதிர்த்து நின்றது அங்கிருந்த இந்தியச் சங்கம். லண்டனில் லடிபோ சொலாங்கே முதலியோர் 1925இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம், தங்க இடம் தேடி அலுத்து, 1933இல் தானே ஒரு விடுதியைத் திறந்தது. பிரிட்டனின் தேசிய மாணவர் சங்கம் 1922இலேயே உருவாகிவிட்டது; ஆனால் மாணவர் என்ற அளவில் பாதிக்கும் விஷயங்களைத் தவிர வேறெதையும் பேசலாகாது என்ற விதி 1969 வரை அதைக் கட்டியிருந்தது. காலனியிலிருந்து வந்தவருக்கு எது மாணவர் பிரச்சினை, எது அரசியல் என்று பிரித்துக்காட்ட எந்தக் கோட்டைப் போடுவது?

இந்நிலையில்தான் 1967 வந்தது. உள்நாட்டு மாணவருக்கு 70 பவுண்டும் வெளிநாட்டு மாணவருக்கு 250 பவுண்டும் எனக் கட்டணம் பிரிந்தது. 1980 முதல், புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்றானது. எதிர்ப்புகள் எழுந்தன, கட்டணம் இறங்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இந்தியாவில் பயின்ற வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர், நேபாளத்தவரே மிகுதி. மாணவர் சங்கத் தேர்தல்களை நெறிப்படுத்தும் லிங்டோ குழுப் பரிந்துரைகளை உச்சநீதிமன்றம் 2006இல் நடைமுறைப்படுத்தியது. அவற்றின்படி ஆய்வு மாணவர் 28 வயதுக்கு மேல் போட்டியிட இயலாது. (எனக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன; கவலை வேண்டாம், நிற்கப்போவதில்லை.) போரால் பள்ளிப்படிப்பு தடைப்பட்டு, தாமதமாகப் பட்டம் பெற்று வரும் ஓர் ஆப்கானிய ஆய்வாளருக்கு இவ்வரம்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

வயதைவிடப் பெரிய தடை சட்டத்தின் ஒரு சொல்லில் இருக்கிறது. அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள் 'எந்த நபருக்கும்' உரியவை. பேச்சுரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் தரும் 19ஆம் பிரிவோ 'குடிமக்களுக்கு' மட்டும் உரியது. அச்சொல் வேறுபாடு நடைமுறையில் என்ன செய்யும் என்பதை அண்மையில் கண்டோம். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜெர்மானிய மாணவர் ஒருவர், குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பில் கலந்துகொண்டபின், 2019 டிசம்பரில் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. ஜாதவ்பூரில் பயின்ற போலந்து மாணவருக்கும் வெளியேறும்படி ஆணை வந்தது. 2020 மார்ச்சில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிமன்றம்வரை செல்லும் வசதியும் துணிவும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஒதுக்கப்பட்ட ஓர் இருக்கை போதும் என்பாரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. அது எளிதில் உலக உணவுத் திருவிழாவுக்கான செயலாளர் பதவியாகச் சுருங்கிவிடும். பல வளாகங்களில் அயல்நாட்டு மாணவர் நினைவுக்கு வருவதே அந்த ஒரு நாளில்தான். அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் வைத்திருப்பது நன்று. எடின்பரோவில் நம்மவர்க்குக் கைகொடுத்தது அதுவே. ஆனால் தனிச் சங்கம் இருப்பதைக் காட்டிப் பொதுச் சங்கம் தன் பொறுப்பைக் கைகழுவக் கூடாது. கட்டணம், விடுதி பற்றிய பேச்சுவார்த்தை எதிலும், அவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் வாக்குரிமையோடு அமர வேண்டும். கோரிக்கைகள் எழுதப்படும் அறையிலும்தான்.

எங்கள் துண்டறிக்கையின் இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டாவது கோரிக்கை சேர்ந்தது. அதன் வாசகத்தை நண்பரே எழுதினார். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. கீழே கையொப்பமிடுமாறு கேட்டபோது மட்டும் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அந்த வாரந்தான் அவர் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தார்.