மதகுக் கதவுக்கு எத்தனை வயசு?

ஒரு மதகுக் கதவு எத்தனை வருஷம் உழைக்கும்? செய்து விற்கிற கொம்பனி ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்க்கும். திருகு தேயுதா, ரப்பர் கிழியுதா, துரு பிடிக்குதா என்று கணக்கெடுக்கும். ஆனா கல்லோயாவில் நடந்த சோதனை வேற மாதிரி.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலவில் மறித்து சேனநாயக்க சமுத்திரம் கட்டினாங்க. முப்பது வருஷம்கூட ஆகல்ல. 1970களின் கடைசியில் இடதுகரை வாய்க்கால்களில் பெரும்பாலான கதவு உடைஞ்சோ காணாமலோ போயிருந்தது. வாய்க்கால் தூர்ந்து, கடைசி வயலுக்குத் தண்ணி எட்டவில்லை.

இரும்பு மோசமா? இல்லை. தண்ணி வராதவன் கதவை உடைக்கிறான். உடைந்த கதவால் மேல்வயல்காரன் கூட எடுக்கிறான். கீழே இன்னும் குறையுது, இன்னொரு கதவும் உடையுது. திருத்த வேண்டிய அதிகாரிக்கும் மனசு விட்டுப் போகுது. இதற்கிடையில், தண்ணீர் முறை பார்த்த பழைய விதானைப் பதவியை 1958 நெற்காணிச் சட்டம் ஒழித்தது. அதற்குப் பதிலாக வந்த பயிர்ச்செய்கைக் குழுக்களும் நிலைக்கவில்லை.

1979இல் அமெரிக்க உதவியோடு புனரமைப்பு தொடங்கியது. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை வயலுக்கு அனுப்பின. அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் கால்பங்குத் தண்ணிதான். புதுக் கதவு வருமட்டும் விவசாயிகள் காத்திருக்கவில்லை. தாங்களே வாய்க்கால் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சத்தைக் கீழே விட்டாங்க. பிறகு எங்கே எந்தக் கதவு வேணும் என்று பொறியியலாளரோடு வாய்க்கால் வழியே நடந்து சொன்னதும் அவங்கதான்.

இது மேலே உள்ள குடியேற்றத்தின் கதைதானே என்று விட்டுவிட ஏலாது. சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு வட்டைகளும் அதே சமுத்திரத்துத் தண்ணியை நம்பித்தான் விளையுது. நாம இருக்கிறது கடைக்கோடி. மேலே ஒரு கதவு செத்தா முதலில் காய்வது இங்கே. உப்புக் காத்தில் இரும்பு சீக்கிரம் துருவேறும் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த போகக் கூட்டத்தில் புதுக் கதவு கேட்கிற நேரம் இதையும் கேளுங்க: திறப்பு யார் கையில்? வருஷத்துக்கு ஒருக்கா கிரீஸ் பூசுவது யார்? உடைந்தால் வட்டவிதானை யாருக்கு அறிவிக்கணும், எத்தனை நாளில் திருத்தணும்? இதற்குப் பதில் இல்லாட்டி, எந்த நாட்டுக் கதவு வந்தாலும் அதன் ஆயுள் நாலைஞ்சு போகம்தான்.